இரண்டு விரல் குறைவு

தகர ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நிற்கிறது, அதன் மார்பில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கோட்டுக்குக் கீழே முதுகை ஒட்டவைத்து என் மகள் செவ்வந்தி நிற்கிறாள், ஏழு வயது, மூச்சைப் பிடித்தால் உயரம் கூடும் என்று யார் சொன்னார்களோ, கன்னம் உப்ப நிற்கிறாள், மிருகக்காட்சிசாலையும் ராட்டினங்களும் ஒன்றாயிருக்கும் அந்தப் பூங்காவில் அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், விலங்குகளின் தலைக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகும் மஞ்சள் படகு, ஒட்டகச்சிவிங்கியோட உச்சந்தலைய மேலேர்ந்து பாக்கணும்ப்பா, அதுக்குக் கொம்பு இருக்காமே என்று விழுப்புரத்திலிருந்து வழியெல்லாம் நச்சரித்தாள், நானோ கண்டக்டர், பஸ் கம்பியில் போட்ட கோட்டில் பிள்ளைகளை நிறுத்தி, அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று இருபது வருடம் பார்த்த கண், இரண்டு விரல் குறைகிறது என்று தெரிந்துவிட்டது, என் மனைவி பரிமளா மகளுக்கு உச்சிக்கொண்டை போட்டு உயர்த்தியிருந்தாள், அதை உள்ளங்கையால் அமுக்கியது நான்தான், படகுக்காரர்கூடச் சிரித்தார், பரவால்ல சார், மெதுவா போறதுதான், பெல்ட்டப் போட்டு மடியில வச்சிக்குங்க, பரிமளா கெஞ்சினாள், இவ்ளோ தூரம் வந்துட்டு ஏங்க, நான் அசையவில்லை, ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டம் என் பிள்ளைக்கு ஒரு சட்டமா, அடுத்த வருஷம் வளந்துடுவ, அப்ப போலாம், அவள் அழவில்லை, அழுதிருந்தாலாவது என் மனசு இளகியிருக்கும், கலைந்த கொண்டையோடு கேட்டாள், சத்தியமாப்பா, சத்தியம்டா கண்ணு.

ஐப்பசியில் காய்ச்சல், ஐந்தே நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள், அப்பா, நான் வளந்துட்டனா பாருங்க, இந்தப் பாழாய்ப்போன கண் அப்போதும் அளக்கிறது, இன்னும் ஒரு விரல்தான்டா பாக்கி என்கிறேன், ஆறுதல் சொல்வதாக நினைப்பு, பாவி, வளர்ந்துவிட்டாய் என்று ஒரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

ஏழு வருடம் இந்தப் பக்கமே வராதவர்கள் இன்று வந்திருக்கிறோம், அன்று பரிமளாவின் இடுப்பில் இருந்த முகிலன் கோட்டைத் தாண்டி நிற்கிறான், அக்கா இதுல போயிருக்காளாப்பா என்கிறான், பரிமளா என் முகத்தைப் பார்க்கிறாள், போயிருக்காடா, என் மடியிலதான் உக்காந்திருந்தா, ஒட்டகச்சிவிங்கியோட கொம்பப் பாத்துட்டுக் கை தட்டுனா, என் வாய்தான் சொல்கிறது, பரிமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனைக் கூட்டிப் போகிறாள், நான் ஏறவில்லை, படகு கிளம்புகிறது, தகர ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நிற்கிறது, சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே யாருமில்லை, அங்கே என் உள்ளங்கையை வைத்திருக்கிறேன், அமுக்காமல்.