மூன்று நாளைக்கு ஒரு ரிவர்ப் பெட்டி

விலையைக் கேட்ட பிறகுதான் தெர்யோவுக்குச் சந்தேகம் வந்தது. அதுவரை, குரலுக்கு எதிரொலி கூட்டும் அந்த ரிவர்ப் பெட்டி அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு முழ நீளத்தில் கறுப்புத் தகரம், முகப்பில் ஏழு குமிழ்கள், பச்சையாக எண் ஒளிரும் சின்னக் கண்ணாடிச் சில்லு. ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும், ஊரார் 'மனோய்', அண்ணன், என்று அழைக்கும் கில்தோவின் கிட்டங்கியில், சோபாக்களும் மெத்தைகளும் திரைச்சீலை மூட்டைகளும் கூரைவரை ஏறிக் கிடந்த சந்துக்குள், பஞ்சுக் கரடிகளின் மடியில் அது கிடந்தது. பேசினால் பேச்சு உதட்டிலேயே நின்றுவிடுகிற இடம். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல இருந்தது.

"மூவாயிரம் பெசோ" என்றார் கில்தோ.

"மூவாயிரமா?"

"ஏன், கூடுதலா சொல்லிட்டேனா?"

பிலிப்பைன்ஸின் லெகாஸ்பி நகரத்துக் கடையில் இதே போன்ற புதுப் பெட்டி பதினோராயிரம். கிட்டார்க்காரர்கள் காலால் மிதிக்கிற சீனத்துப் பெட்டி நாலாயிரத்துக்குக் கிடைக்கும். ஆனால் அதன் வழியாகப் பாடினால் பால்மாவு டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது மாதிரி இருக்கும். கணினியிலேயே ரிவர்ப் போடும் மென்பொருள் இலவசம்தான். தெர்யோவின் கணினிக்கு இரண்டு குரல் சேர்ந்தாலே மூச்சு வாங்கும், ஆறு குரலை அது எங்கே தாங்கப் போகிறது. இதையெல்லாம் பார்த்து அலைந்த பிறகுதான் பேருந்து ஏறி இந்தக் கிட்டங்கி இருக்கும் லிகாவுக்கு வந்திருந்தான். பதினோராயிரம் பெறுமானத்தை மூவாயிரத்துக்குக் கொடுப்பவன் ஒன்று மூடனாக இருக்க வேண்டும், இல்லை திருடனாக இருக்க வேண்டும். கில்தோவின் கண்ணைப் பார்த்தால் மூடனாகத் தெரியவில்லை.

"திங்கக்கெழமை அடுத்த கன்டெய்னர் வருது தம்பி. அதுக்குள்ள இடத்தக் காலி பண்ணணும். அதான் இந்த வெல" என்றார் அவர், கேட்காமலே.

கேட்காமல் சொல்லப்படும் காரணத்தை தெர்யோ நம்புவதில்லை. போன வருடம் ஒருவனிடம் இணையத்தில் மைக் வாங்கினான். அவனும் கேட்காமலே, வெளிநாடு போகிறேன், அதனால்தான் மலிவு என்று சொல்லியிருந்தான். பார்சலைப் பிரித்தால் செய்தித்தாளில் சுற்றிய தரை ஓடு ஒன்று இருந்தது. அந்த ஓட்டைத்தான் இன்றும் அவன் மனைவி நியெவெஸ், அறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள். "உன் மைக்கைக் கொஞ்சம் நகத்து, கதவச் சாத்தணும்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அது அவன் சொந்தப் பணம். போனால் போகிறது. இப்போது சட்டைப் பையில் இருக்கும் உறை அப்படியல்ல. சான் ரோக் தெருக் கோவிலின் பாடகர் குழுவில் மிச்சமிருப்பது ஆறு பெண்கள். நவம்பர் புயல் கோவில் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கோ போட்டதிலிருந்து பூசை கூடைப்பந்துத் திடலில் நடக்கிறது. நாலு பக்கமும் சுவரில்லாத இடம். பாடுகிற பாட்டைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். பாட்டுகளைப் பதிவு செய்து வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்களுக்கு அனுப்பினால் கூரைக்குப் பணம் வரும் என்பது, குழுவில் எல்லாரும் 'மனாய்', அக்கா, என்று அழைக்கும் பசீத்தாவின் யோசனை. ஒலிப்பதிவுக்கூடம் என்று சொல்லிக்கொள்ள ஊரில் இருந்தது தெர்யோவின் அறை ஒன்றுதான். சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அடித்து வைத்திருந்தான். வெளிச்சத்தம் வராது. ஆனால் உள்ளே பாடும் குரலும் மழை காணாத வயல் போல வறண்டுவிடும்.

"கோவில்ல பாடுற மாதிரியே கேக்கணும் தெர்யோ. அப்பத்தான் ரோம்ல இருக்கிற என் தங்கச்சி அழுவா. அவ அழுதாத்தான் காசு அனுப்புவா" என்று சொல்லித்தான் மனாய் பசீத்தா உறையைக் கொடுத்தாள். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிபிங்கா என்ற அரிசிக் கேக் சுட்டு விற்ற பணம். உறைமேல் எண்ணெய்க் கறைகூட இருந்தது. எவ்வளவு என்று அவளும் சொல்லவில்லை. அவன் எண்ணிப் பார்க்கட்டும் என்றும் நிற்கவில்லை.

"இங்க போட்டுக் காட்டுங்க மனோய்" என்றான் தெர்யோ.

"இந்த மெத்தைக் காட்டுக்குள்ள என்னத்தக் கேப்ப? வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. மூணு நாள் வச்சுப் பாரு. புடிச்சா காசு குடு, புடிக்கலைன்னா பொட்டியக் குடு."

"முன்பணம்?"

"எதுக்கு?"

"எம் பேரு, வீடு ஒண்ணும் கேக்கலியே?"

"எந்தத் தெரு?"

"சான் ரோக். கோவில்ல பாடுற பொம்பளைங்களுக்காகத்தான் வாங்குறேன்."

"கூரை பறந்துச்சே, அந்தக் கோவிலா? போதும்" என்றவர் குனிந்து, செங்கல் அளவு இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர். "இது விக்கிறதுக்கில்ல, என்னோடது. இது வழியாத்தான் போடணும். ஜப்பான் கரண்டு நோஞ்சான், நம்ம கரண்டு முரடன். நேராப் போட்டுறாத, என்ன?"

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தெர்யோ பேருந்தில் வரும் வழியெல்லாம் பல்லைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் இரும்புப் பெட்டி வழியாகவே மாட்டினான். பச்சை எண் ஒளிர்ந்தது. நியெவெஸை மைக்கின் முன்னால் நிறுத்தி, ஏதாவது சொல்லு என்றான்.

"என்னத்தச் சொல்ல? மீன் காயுது அடுப்புல."

"எதையாவது."

அவள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பித்தாள். ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த தெர்யோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மீன் புகையும் முட்டை அட்டையும் சூழ நின்று சொன்ன குரலுக்குப் பின்னால் யாரோ தூண்களை நட்டு, உயரத்தில் கூரை போட்டுவிட்டது போல இருந்தது. அவள் நிறுத்திய பிறகும் 'வாழ்க' கொஞ்ச நேரம் அந்தக் கூரைக்கடியில் சுற்றி வந்து மெல்ல அமர்ந்தது.

அது அமர்ந்த பிறகுதான் அடியில் இன்னொன்று கேட்டது. ம்ம்ம் என்று, பாட்டிலுக்குள் அடைத்த தேனீ போல ஓர் இரைச்சல்.

"பாத்தியா" என்றான்.

"என்ன?"

"இரையுது. அதான் மூவாயிரம்."

நியெவெஸ் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டாள். "இரும்புப் பொட்டிதான் இரையுது. கைய வச்சுப் பாரு, அதிருது."

"அதத்தான் நானும் சொல்றேன். பொட்டிக்குள்ள இருக்கிற கோளாறு வெளிய தெரியக் கூடாதுன்னு இதையும் சேத்துக் குடுத்திருக்கான் கெழவன். கேட்டா, 'இரும்புப் பொட்டி சத்தம் தம்பி'ன்னுருவான்."

"காசு வாங்காமக் குடுத்தவருக்கு உன்ன ஏமாத்தி என்ன கெடைக்கும்?"

 அந்தக் கேள்வியே அவன் சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது. அன்று சாயங்காலம் பெட்டியைத் திருப்பி மின்கம்பியைத் தடவிக்கொண்டே போனான். நுனியில் ஜப்பான் செருகி இல்லை. அதை வெட்டிவிட்டு உள்ளூர்ச் செருகி ஒன்றைப் பொருத்திக் கறுப்பு நாடா சுற்றியிருந்தார்கள். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தான். உள்ளூர்ச் செருகி போட்டிருக்கிறார்கள் என்றால் உள்ளேயும் உள்ளூர் மின்சாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதை மறைக்கத்தான் இந்த இரும்புச் செங்கல். நேராக மாட்டினால் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் 'நேராப் போட்டுறாத'. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தெர்யோவுக்குக் கறுப்பு நாடாவில் ஒரு சாண் போதுமாயிருந்தது.

மறுநாள் மத்தியானம் நியெவெஸ் சந்தைக்குப் போன நேரத்தில் இரும்புப் பெட்டியைக் கழற்றித் தள்ளிவைத்தான். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டான், அது பழக்கம். பிறகு செருகியைச் சுவரில் நேராக மாட்டினான்.

பச்சை எண் இதுவரை இல்லாத பிரகாசத்தில் ஒருகணம் எரிந்தது. உள்ளே பட்டென்று ஒரு சத்தம். வறுத்த கடலை கருகினாற்போல வாடை. பிறகு ஒன்றுமில்லை.

உருகி இழையை மாற்றிப் பார்த்தான். மறுபடி இரும்புப் பெட்டி வழியாகப் போட்டுப் பார்த்தான். உள்ளே எதையும் யாரும் மாற்றியிருக்கவில்லை. யாரோ செருகியை மட்டும் மாற்றியிருந்தார்கள், பழையது உடைந்திருக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டும் சாயங்காலம்வரை அந்த வாடை மெத்தைகளை விட்டுப் போகவில்லை.

நியெவெஸ் வந்ததும் மூக்கைச் சுளித்தாள். பெட்டியைப் பார்த்தாள், தனியாகத் தள்ளிக் கிடந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தாள். 

"நாளைக்குத் திருப்பிக் குடுத்துர்றேன்" என்றான் அவன். "மூணு நாள்னுதான சொன்னாரு? புடிக்கலைன்னு சொல்லிட்டாப் போச்சு. உறைய அப்பிடியே மனாய் பசீத்தாகிட்ட குடுத்துரலாம். அந்த நெரிசல்ல அவரு போட்டெல்லாம் பாக்க மாட்டாரு."

"அவரு பாக்க மாட்டாரு" என்றாள் நியெவெஸ், சந்தைப் பையிலிருந்து கங்குன் கீரையை எடுத்து வைத்தபடி. "நீதான் பாத்துட்டியே."

மூன்றாம் நாள் பேருந்தில் பெட்டி அவன் மடியிலும் இரும்புப் பெட்டி காலடியிலும் இருந்தன. திருகுகளைத் துணியால் துடைத்துத் தூசிகூடப் படியாமல் கொண்டுவந்திருந்தான். சட்டைப் பையில் உறை, தலையில் தொப்பி. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்: நல்ல பெட்டிதான் மனோய், கொஞ்சம் இரைச்சல், எங்களுக்குச் சரிப்படல. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் மாதாவின் முகத்தை நினைக்க முடியவில்லை. ஓட்டுநரின் தலைக்குமேல் ஆடிக்கொண்டிருந்த ஜெபமாலையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கிட்டங்கியின் ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. தெர்யோ வாசலிலேயே நின்றுவிட்டான். சோபாக்கள் இல்லை. மெத்தைகள், திரைச்சீலை மூட்டைகள், கரடிகள், எதுவும் இல்லை. கூரைவரை வெறும் சிமெண்டுச் சுவர். நடுவில் மனோய் கில்தோ தென்னந்துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சொன்னேன்ல, நாளைக்குத் திங்கக்கெழமை" என்றார். "கரடிய மட்டும் எட்டுப் பேரு அடிச்சுக்கிட்டு வாங்குனாங்க. என்ன, புடிக்கலையா?"

"நல்ல பெட்டிதான் மனோய்..."

"அப்பக் கீழ வையி. பரவாயில்ல." பெட்டியை அவர் வாங்கினார். திருப்பிப் பார்க்கவில்லை. செருகியைத் தேடவில்லை. மூக்கருகே கொண்டுபோனது போல தெர்யோவுக்கு ஒருகணம் தோன்றியது. தோளால் கன்னத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். இரண்டு பெட்டியையும் காலி மேசைமேல் வைத்துவிட்டு, தம் சட்டைப் பையில் துழாவி, நாலாக மடித்த நூறு பெசோத் தாள் ஒன்றை நீட்டினார்.

"இது உங்க கூரைக்கு. பெருசா ஒண்ணுமில்ல. ஒரு தகரத்துல கால்வாசிக்கு வரும்."

தெர்யோ அந்தத் தாளைப் பார்த்தான். கெழவனுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தே கொடுக்கிறானா, என் வாயைப் பிடுங்கவா? இல்லை, ஒன்றும் தெரியாமலா? அந்த முகத்தில் எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று நாளில் முதல் முறையாக, கண்டுபிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பட்டது.

"நேராப் போட்டுட்டேன்" என்றான். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "நீங்க சொல்லியும் நேராப் போட்டேன். உங்கள நம்பல. எரிஞ்சுபோச்சு மனோய்."

எரிஞ்சுபோச்சு என்றது எதிர்ச்சுவர். மனோய் என்றது கூரை. அந்தச் சொல் மூலைக்கு மூலை போய், தூண் மாதிரி நிமிர்ந்து, தலைக்குமேல் ஒருமுறை சுற்றி, அவசரமில்லாமல் தரைக்கு இறங்கியது. அடியில் தேனீ இல்லை. இரைச்சல் இல்லை.

இருவரும் அது அடங்கும்வரை காதுகொடுத்து நின்றார்கள். தெர்யோ உறையை எடுத்து மேசைமேல், பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்த கை அங்கேயே நின்றது. அவன் தலை மட்டும் தன்னை அறியாமல் மேலே திரும்பியிருந்தது.

"கன்டெய்னர் மணிலாவுலருந்து வரணும்" என்றார் கில்தோ மெதுவாக. "நாளைக்குப் பதினோரு மணிக்கு முன்னாடி வராது. அதுவரைக்கும் இந்த இடம் காலிதான். மொத்தம் எத்தன பொம்பளைங்க?"

"ஆறு பேரு."

அவர் உறையையும் பெட்டியையும் தொடவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலுக்குப் போனார். தெருவில் மூன்று சக்கர டிரைசிகிள்கள் இரைந்துகொண்டிருந்தன. இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்து இழுத்தார். அது கடகடவென்று இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. தெருச்சத்தம் அறுந்தது. புதிதாகப் பெருக்கிய சிமெண்டுத் தரையில் வெயில் ஒரு நீளக் கோடாக விழுந்து கிடந்தது. அதில் தூசி மெல்லச் சுழன்றது.

இருட்டுக்குள்ளிருந்து கில்தோவின் குரல் வந்தது.

"இன்னொரு தடவ சொல்லு தம்பி."

தெர்யோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.