வீட்டுக்குத் திரும்பும் நடை

“ஏனுங்க்கா, போறப்ப பசு மாதிரி போகுது. திரும்புறப்ப மட்டும் ஏன் இப்படிப் பறக்குது?”

ஈஸ்வரன் கேட்டது எங்கள் குதிரை மைனாவைப் பற்றி. நெய்க்காரப்பட்டிக்குப் பக்கத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு. அங்கே வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். அவர்களை மைனா மேல் ஏற்றி, வாய்க்கால் கரையோரமாக மதகு வரை கூட்டிப் போய்த் திரும்புவது என் கொழுந்தன் இஷாக்கின் வேலை. தோப்பை ஒட்டித்தான் எங்கள் வீடு. வீடு கண்ணில் பட்டதும் மைனா ஓட்டம் பிடித்துவிடுவாள். அன்றைக்கு ஒரு கோயம்புத்தூர்ப் பொண்ணு சேணத்தைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே வந்து சேர்ந்தது.

“பொங்கல் லீவுக்குள்ள நிதானத்துக்கு வந்தா வச்சுக்கலாமுங்க. இல்லைன்னா வித்துடுங்க்கா. யாராச்சும் விழுந்து வச்சா நான் என்ன பண்ணுவேன்?”

“விக்கிறதா? அவுக வளத்த குதிரை, தம்பி.”

ஈஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார்.

மைனா ஏன் ஓடிவருகிறாள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் நூர் அகமது, சர்க்கரையில் கால் போன பிறகு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் கொள்ளுச் சட்டி. குளம்புச் சத்தம் கேட்டதும் சட்டியைத் தட்டுவார்.

“பாரு ரஃபியா, எம்புட்டு அவசரமா வாரா, எனக்காக!”

“உங்களுக்காகவா? கொள்ளுக்காக.”

“உனக்குப் பொறாமைடி.”

அவர் மௌத்தாகி, அவருக்காக நான் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த நாலு மாசம் பத்து நாளும் முடிந்து வெளியே வந்தும் ஆகிவிட்டது. மைனா இன்னும் ஓடிவந்து அந்த நாற்காலியைத்தான் முகர்கிறாள்.

“ஓடுனா வீடு கிடையாதுன்னு அவளுக்குத் தெரியணும் மதினி,” என்றான் இஷாக். “வேகம் எடுத்தா மதகுப் பக்கமே திருப்பி நடத்துவோம். கழுத்து தளந்தாத்தான் வீட்டைப் பாத்து. கொள்ளையும் மதகுலயே வச்சிருவோம். இங்க ஒண்ணும் இருக்கக் கூடாது.”

“ஒண்ணுமேவா?”

அவன் நாற்காலியைப் பார்த்தான்.

“அது இருந்துட்டுப் போகட்டும் அப்பு.”

“சரி மதினி.”

சட்டியை நானே மதகுக்குத் தூக்கிப் போனேன். இஷாக் கடிவாளத்தைத் தளர விட்டு நடத்துவான்; அவள் துள்ளியதும் திருப்புவான். திருப்பித் திருப்பி அவனுக்கே தலை சுற்றியது.

“அண்ணன் இவளுக்கு ஆக்சிலேட்டர் மட்டும் வச்சுக் குடுத்திருக்காரு மதினி. பிரேக்கைக் கையோட கொண்டு போயிட்டாரு.”

சிரித்தோம்.

மதகிலிருந்து தோப்பின் வேலி வரை மைனா நிதானப்பட்டாள். வேலி தாண்டி நாற்காலி தெரிந்ததும் பழையபடி ஓட்டம். இஷாக் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் தாங்கவில்லை எனக்கு. மறுநாள் நாற்காலியைத் தூக்கி உள்ளே, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அதன் உடைந்த காலில் அவர் சுற்றிய சணல் கயிறு அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் ஓடிவந்தவள், நாற்காலி இருந்த இடத்தில் டக்கென்று நின்றாள். தரையை முகர்ந்தாள். வாசலுக்குள் தலையை நீட்டிக் கனைத்தாள்.

“இல்லடி,” என்றேன்.

மறுபடியும் கனைத்தாள்.

“உள்ளயும் இல்ல. வெளியவும் போகல. இல்ல.”

இஷாக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “இன்னைக்கு விட்டுருவமா மதினி?”

“ஓடித்தானே வந்தா? திருப்பிக் கூட்டிட்டுப் போ.”

அவள் மதகுப் பக்கம் போகப் போகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் வாசலில் நிற்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். வாசலில் யாரும் இருக்கக் கூடாதல்லவா.

பொங்கல் லீவில் முதல் சவாரி ஒரு சின்னப் பிள்ளை. அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். மைனா தலையைத் தொங்கப் போட்டு, கயிறு தளர, வாலை ஆட்டிக்கொண்டு வந்தாள். மேலே பிள்ளை தூங்கி வழிந்தது. எங்கள் வாசலைத் தாண்டும்போது அவள் காதுகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அருமைங்க்கா!” ஈஸ்வரன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போட்டார். “இனி எங்கயும் போக வேண்டாமுங்க, இங்கயே இருக்கட்டும். அப்படி என்னதானுங்க சொல்லிக் குடுத்தீங்க?”

“அவசரம் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன், தம்பி.”

சேணத்தை அவிழ்த்துக்கொண்டே இஷாக் கேட்டான்: “அதான் பழகிட்டாளே. நாற்காலியை எடுத்துப் போடவா மதினி? நீங்களாச்சும் செத்த நேரம் உக்காருவீங்க.”

“வேணாம் அப்பு. மறுபடி தேட ஆரம்பிச்சுட்டா?”

“மைனாவா?”

நான் கொள்ளு ஊறப்போட உள்ளே போனேன்.