ஒரு மணிக் கட்டம்

இருநூற்று முப்பத்திரண்டரை மணி நேரம் முடிந்திருந்தது. கல்லூரியில் அவள் துறை கேட்டது இருநூற்று நாற்பது. சாப்பாட்டு நேரம் அரை மணியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்று அங்கே கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஆக, ஒரு நாளைக்கு ஏழரை. இந்த ஒரு நாளைத் தள்ளிவிட்டால் இன்டர்ன்ஷிப் முடிந்தது.

"கடைசியில ஏழரைதான் பாக்கியா? வம்பு எதையும் இழுக்காம முடிச்சிட்டு வா, பூச்சி" என்று காலையில் போனில் அக்கா சிரித்தாள். தொட்டால் சுருண்டுகொள்கிறாள் என்று சின்ன வயதில் அக்கா வைத்த பெயர் அது.

"சரிக்கா."

"இன்னிக்கு உனக்கு ஏதாவது பார்ட்டி கீர்ட்டி உண்டா? தினம் அவங்ககூடதானே சாப்பிடுற, ஒருத்தரும் மூச்சு விடலையா?"

"சர்ப்ரைஸா இருக்கும்" என்றாள் அவள்.

முப்பத்தொரு நாளும் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. இந்த இடம் கிடைத்ததே அக்காவால்தான். அதற்கு முன் முப்பத்தேழு மெயில் அனுப்பியிருந்தாள். பதினான்காவதில், பதின்மூன்றாவது நிறுவனத்தின் பெயரை மாற்ற மறந்துவிட்டாள். அங்கிருந்து மட்டும்தான் பதில் வந்தது: 'அது நாங்கள் இல்லை.'

"மெயிலை எவன்டி படிப்பான்? மார்க் ஷீட்டை எடுத்துக்கிட்டு நேர்ல போய் நில்லு" என்று அக்கா லீவு போட்டு வந்து, தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தின் வாசல்வரை கொண்டுபோய் உள்ளே தள்ளிவிட்டாள். நாற்பது நிமிடம் நின்ற பிறகு, கூடத்தின் பொறுப்பாளரான மேடம் வந்தார்.

"பாட்டில் கழுவுவியா?"

"கழுவுவேன்."

நேர்காணல் அவ்வளவுதான்.

கழுவினாள். லேபிள் ஒட்டினாள். காலை ஒன்பது மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும், மாதிரிகளை வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் அவள் வேலை. ஃபிரிட்ஜ் உள்ளறையில் இருந்தது. சாப்பாட்டு அறைக்குள் புகுந்துதான் அங்கே போக முடியும். ஒரு மணிக்கு அங்கே மூன்று பேர் இருப்பார்கள். மேடம், ஊரெல்லாம் அலைந்து தண்ணீர் பிடித்து வருகிற பாட்டில் அண்ணன், முடிவுகளை டைப் செய்கிற ரிப்போர்ட் அக்கா. அவர்கள் சிரிக்கிற சிரிப்பு மாடிப்படிவரை கேட்கும்.

முதல் நாள் அவள் கதவைத் திறந்ததும் சிரிப்பு கப்பென்று அடங்கியது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பாட்டில் அண்ணன் பாதிப் பேச்சை விழுங்கிவிட்டுத் தட்டைப் பார்த்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. நாலாம் நாள் கதவுப் பிடியில் கை வைத்தவள், அப்படியே திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். காலையில் பார்த்தபோது 4.1 டிகிரி. ஒரு மணிக் கட்டத்தில் 4.2 என்று எழுதினாள்.

அதன் பிறகு தினமும் அதுதான். ஒரு நாள் 3.9, ஒரு நாள் 4.3. ஒரே எண்ணாக இருந்தால் பொய் தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு அவள் அறிவியல் படித்திருந்தாள்.

கடைசி நாளும் படியில் உட்கார்ந்தபடியே 4.2 எழுதினாள்.

மூன்று மணிக்கு உள்ளறையிலிருந்து பாட்டில் அண்ணன் கத்தினார். "மேடம்! ஃபிரிட்ஜ் செத்துக் கிடக்கு. பதிமூணு டிகிரி!"

எல்லோரும் ஓடினார்கள். சுவரில் ஃபியூஸ் போயிருந்தது. உள்ளே இருபத்தெட்டு பாட்டில்கள், விடியற்காலையில் இருபத்தெட்டுப் பள்ளிக்கூடத் தொட்டிகளில் பிடித்த தண்ணீர். குளிர் இல்லாமல் மூன்று மணி நேரம் தாண்டினால் கிருமிக் கணக்கை நம்ப முடியாது. கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். அது கூடத்தின் விதி.

"எப்ப நின்னுச்சோ, யாரு கண்டா? மறுபடி இருபத்தெட்டு பள்ளிக்கூடமா! என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"இருங்க, புலம்பாதீங்க" என்று ரிப்போர்ட் அக்கா பதிவேட்டைப் புரட்டினாள். "ஒரு மணிக்கு நாலு புள்ளி ரெண்டு. அப்ப நல்லாத்தான் ஓடியிருக்கு. மிஞ்சிப் போனா ரெண்டு மணி நேரம்."

"பொழைச்சேன்டா சாமி!"

மேடம் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "ஒரு கட்டம்கூட விடலை பாரு. நம்ம ஆளுங்க என்னிக்காவது இப்படி எழுதியிருக்காங்களா? சரி, டெஸ்டுக்கு எடுங்க. நீ உன் ஃபாரத்தைக் கொண்டா, கையோட கையெழுத்துப் போட்டுடறேன்."

பாட்டில் அண்ணன் உள்ளறையில் முதல் பாட்டிலை எடுத்துத் திறந்து வைத்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. கடைசி நாளாவது எங்ககூட ஒரு டீ குடி. முதல் மூணு நாளும் வந்தே, அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கலை. நாங்க பேசுறது பிடிக்கலைன்னு நினைச்சோம்."

"இவரு வாய்க்குப் பூட்டுப் போட்டதே நான்தான்" என்றாள் ரிப்போர்ட் அக்கா. "படிக்கிற பொண்ணு வந்தா அந்தக் கண்றாவி ஜோக்கை எல்லாம் நிறுத்தணும்னு சொல்லியிருந்தேன். நீ கதவைத் திறந்தாலே மனுஷன் முழி பிதுங்கும்."

மூவரும் சிரித்தார்கள். அவளுக்கும் ஒரு டம்ளர் வந்தது. முப்பத்திரண்டு நாளில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்வது இதுதான் முதல் முறை. மேடம் ஃபாரத்தில் 'பதிவுகள்' என்ற வரிக்கு நேரே 'மிக நன்று' என்று எழுதிவிட்டு, மணிக் கணக்குக்குக் கீழே பேனாவைக் கொண்டுபோனார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் நின்றுபோகும். மறுபடி முதல் மெயிலிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே பாட்டில் அண்ணன் எடுத்து வைத்த முதல் பாட்டிலின் மூடி மேஜையில் மல்லாந்து கிடந்தது. லேபிளில் ஏதோ ஓர் ஆரம்பப் பள்ளியின் பெயர், அவள் கையால் எழுதியது.

டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன், மணிக் கணக்குல தப்பா?"

"அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. ஒரு மணிக்கு நான் பார்க்கலை. இன்னிக்கு மட்டும் இல்ல. நாலாவது நாள்லேருந்து ஒரு மணிக்கு எழுதினது எல்லாமே நானா எழுதினது. நீங்க எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு உள்ள வர பயமா இருந்துச்சு."