இரண்டு தட்டு

பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருக்க, மந்திரி கண்ணாடியைப் பார்த்து ஏழாவது தடவையாகச் சொன்னார்.

“அரசே, தங்கள் ஆணை நிறைவேறும். பொழுது சாய்வதற்குள் இவன் தலை கோட்டை வாசலில் இருக்கும்.”

பதினொரு வார்த்தை. முப்பத்தொரு வருஷம் ராஜா படங்களில் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் மந்திரியாக நின்றவருக்கு வாய் திறக்கக் கிடைத்த பதினொரு வார்த்தை. இத்தனை காலமும் தாடி ஒட்டிக்கொண்டு நின்றதுதான் வேலை. ராஜா சிரித்தால் சிரிக்க வேண்டும், முறைத்தால் தலை குனிய வேண்டும். தெருவில் எல்லோரும் மந்திரி என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, தபால்காரருக்குக்கூட அவர் சொந்தப் பெயர் மறந்துபோயிற்று. வசனம் வந்த செய்தி கேட்டதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பால் வாங்கப் போனவர் பாலை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் வசனத் தாளை மருமகள் வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். இரண்டு நாளாகச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். இன்று காலை புடவைக்கு இஸ்திரி போட்டபடியே கேட்டாள்.

“அது சரி மாமா, யார் தலை?”

“யாரோ புலவன் தலை. குடை ராஜா கதையாம்.”

இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்றது.

“குடை ராஜாவா? அவர் எங்க புலவரைக் கொன்னார்? பஞ்ச காலத்துல களஞ்சியத்தைப் பூட்டி வெச்ச ராஜா. புலவர் வந்து வெயில்ல நின்னார். குடைக்குள்ள வாங்கன்னு ராஜா கூப்பிட்டும் வரலை. ஊரே வெயில்ல நிக்குது, இந்தக் குடை யாருக்குன்னு பாடினார். ராஜா குடையை விட்டு இறங்கி வந்து மண்டியிட்டார். பதினோரு வருஷமா நடத்துறேன் மாமா இந்தப் பாடத்தை.”

“இதுல வேற மாதிரி. புலவனுக்கும் ராணிக்கும் பழக்கம். ராஜா கண்டுபிடிச்சுடுறான்.”

“புலவருக்கு அப்போ எழுபது வயசு.”

“அவனைப் பார்த்தேன். மீசையே இப்பதான் முளைக்குது.”

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. மந்திரி சவரக் கத்தியைக் கீழே வைத்தார். இந்த நேரம் பார்த்தா இது வர வேண்டும். அவர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மருந்துக்கடைக்காரர் சில்லறையை எண்ணிக் கொடுத்தாலும் இவர் ஒருமுறை எண்ணுவார். புத்தகம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எண்ணுவார்.

“நீ பார்த்தியா, ராஜா மண்டி போட்டதை?”

“பாடத்துல இருக்கு.”

“பாடம் எழுதினவன் பார்த்தானா?”

அவள் புடவை மடிப்பை விரலால் நீவினாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அதனால்தான் அந்த வீட்டில் அவள் பேச்சை மட்டும் அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

“இல்லதான் மாமா. பழைய ஏட்டுல நாலு வரிப் பாட்டு மட்டும்தான் இருக்கு. மண்டியிட்டது, களஞ்சியத்தைத் திறந்தது எல்லாம் பின்னாடி யாரோ சேர்த்தது.”

“அப்ப அவனும் கதை விட்டான், இவனும் விடுறான். நடுவுல என் வசனத்துல ஏன் மண்ணைப் போடுற?”

“அந்தக் கதையைக் கேட்டா என் வகுப்புல கடைசி பெஞ்சுகூட மூச்சு விடாது. இந்தக் கதையைக் கேட்டா விசிலடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.” இஸ்திரியை மறுபடி எடுத்தாள். “நீங்க நல்லா சொல்லுங்க. முதல் வசனம். ஆனா நான் தியேட்டருக்கு வரலை மாமா. தப்பா எடுத்துக்காதீங்க.”

வாசல்வரை போனவர் காதில், பின்னாலிருந்து குரல் வந்தது. “நிறைவேறும்னு சொல்லும்போது அவசரப்படாதீங்க. நீங்க விழுங்கிடுறீங்க.”

அரண்மனை ஒரு பழைய கிடங்குக்குள் இருந்தது. தூண்கள் எல்லாம் ஒட்டுப்பலகை; சாய்ந்தால் ராஜ்யமே சாயும். இருநூறு பேர் வேட்டிக்கு மேல் கவசம் கட்டிக்கொண்டு, காகிதக் கோப்பையில் டீ குடித்தபடி வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எப்போதும் தளபதியாகவே நிற்கும் சேனாபதி, அவர் துணை நடிகர் கூட்டத்தில் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவர், வந்து தோளைத் தட்டினார்.

“என்னய்யா, பேசப் போறியாமே. இனிமே எங்ககூட எல்லாம் பேசுவியா?”

“உன்கூடப் பேசணும்னா எழுதிக் கொடுக்கச் சொல்லு.”

தாடி ஒட்டினார்கள். கையில் கோலைக் கொடுத்தார்கள். தலையில் வெள்ளிப் பூண் போட்ட, ஆள் உயரக் கோல். மந்திரியின் உண்மையான வேலை அதுதான். படப்பிடிப்பு ஓடும்போது யாரும் கத்தி உத்தரவு போட முடியாது, ஒலிப்பதிவில் விழும். பின்வரிசைக்குக் கைச் சைகை தெரியாது. அதனால் கோல்தான் உத்தரவு. ஒரு தட்டு என்றால் எழுந்து வாளை உயர்த்த வேண்டும். இரண்டு தட்டு என்றால் மண்டியிட வேண்டும். கூட்டத்தில் நிற்கிற யாருக்கும் இது வெறும் மனப்பாடம் இல்லை, முழங்காலிலேயே ஊறிப்போனது. தூக்கத்தில் தட்டினாலும் மடங்கும்.

உதவி இயக்குநர் ஓடிவந்தார். “பெரியவரே, புலவரைக் கொல்லச் சொல்லி ராஜா ஆணை போடுவார். உங்க வசனம். அப்புறம் ஒரு தட்டு. எல்லாரும் வாளை உருவுவாங்க. அங்கதான் இடைவேளை.”

“தெரியும் தம்பி.”

தெரியும்தான். ஆனால் வாயையும் கையையும் சேர்த்து வேலை வாங்கி அவருக்குப் பழக்கமில்லை. பயமில்லை, திருவிழாவில் தொலைந்த பிள்ளைக்கு அம்மா கண்ணில் பட்ட மாதிரி ஒரு பதற்றம். விளக்குகள் எரிந்தன. நடுவில் அந்தப் புலவப் பையன் கை கட்டப்பட்டு நின்றான். சிம்மாசனத்துக்கு மேல் குடை. மேலிருந்து விழுந்த விளக்கொளியில் குடை நிழல் வட்டமாகப் படிந்திருக்க, பையன் சரியாக அந்த வட்டத்துக்கு வெளியே, வெயில் மாதிரி கொட்டுகிற வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். யாரும் திட்டமிட்டு நிறுத்தவில்லை. விளக்குக்காரர் வைத்த கோணம் அப்படி.

ராஜா எழுந்தார். பெரிய நட்சத்திரம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கூட்டத்தில் நாலாவது வரிசையில் வேல் பிடித்து நின்றவர். “இவனைக் கொல்லுங்கள்” என்று கர்ஜித்தார்.

மந்திரி வாயைத் திறந்தார். பதினொன்றும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. கண் மட்டும் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

டொக். டொக்.

இருநூறு முழங்கால்கள் ஒரே சத்தத்தில் தரையில் விழுந்தன. சேனாபதி விழுந்தார். வாயிற்காவலர்கள் விழுந்தார்கள். தலை வெட்ட வந்தவன் கோடரியோடு விழுந்தான். அதைவிட, சிம்மாசனத்திலிருந்து இரண்டு படி இறங்கி நின்ற ராஜாவின் இடது கால், அவரைக் கேட்காமலேயே மடங்கிவிட்டது. முழங்கால் தரையைத் தொட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கிரீடம் சற்றுச் சரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் நின்றுகொண்டிருந்தது புலவன் ஒருவன் மட்டும்தான். நடிக்கத் தெரியாத பையன் என்று காலையிலிருந்து திட்டு வாங்கியவன். அவன் கண் நிறைந்துவிட்டது.

“கட்” என்று ஒரு குரல், வெகுநேரம் கழித்து வந்தது.

இயக்குநர் எடுத்ததைத் திரையில் ஓட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

“யார் ரெண்டு தட்டச் சொன்னது?”

“யாரும் சொல்லலை. நான்தான் தட்டினேன்” என்றார் மந்திரி. தவறிவிட்டது என்று சொல்ல நினைத்தார். தவறியதா என்று அவருக்கே நிச்சயமில்லை. சொந்தக் கையையே நம்ப முடியாத நாள்.

“வசனம்?”

“வரலை.”

இயக்குநர் தாடையைத் தடவினார். அவர் சத்தம் போட்டிருந்தால் மந்திரிக்கு லேசாக இருந்திருக்கும். “இது இருந்தா உங்க வசனத்துக்கு இடமில்லை, தெரியுதா? கதையே வேற பக்கம் போயிடும்” என்றார். யாரிடமோ கணக்குக் கேட்பதுபோல மறுபடி திரையைப் பார்த்தார். “எழுதின மாதிரியும் ஒண்ணு எடுத்து வெச்சுப்போம். அப்புறம் பார்க்கலாம். வசனத்தோட. ஒரே தட்டு.”

எல்லோரும் பழைய இடத்துக்குப் போனார்கள். தாடியைத் திரும்ப ஒட்டினார்கள். அரசே, தங்கள் ஆணை நிறைவேறும். அவசரப்படாமல், விழுங்காமல், மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். சுத்தமாக வந்தது. இதைவிட நன்றாக இனி ஒருநாளும் வராது. தியேட்டரில் கடைசி வரிசைவரை கேட்கும். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும்.

ராஜா கிரீடத்தைச் சரிசெய்வதுபோல் அவர் பக்கம் சாய்ந்தார்.

“அண்ணே” என்றார், உதடு அசையாமல். “எத்தனை தட்டு?”

விளக்குகள் எரிந்தன. பையன் வெளிச்சத்தில் போய் நின்றான். மந்திரி வாயைத் திறந்து, கோலைத் தூக்கினார். இருநூறு ஜோடிக் கண்கள் வெள்ளிப் பூணையே பார்த்திருந்தன. ராஜாவின் இடது முழங்கால் இப்போதே லேசாக மடங்கியிருந்தது.