ஐந்து மணி வரை ஓட்டு

அரிகிருஷ்ணன் ஐந்தரைக்கு எழுந்தான். குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்தான். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக் குடித்தான். சவரம் செய்துகொண்டான். சந்திரகலா காய்ச்சலில் படுத்த பதினொரு நாளாக இதே வரிசைதான். நொய்யைக் களைந்து வைத்துவிட்டு வந்து அவள் நெற்றியில் கை வைத்தான். சூடு இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்க் கஞ்சியை ஏற்றினான். அது கொதித்து வழிந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது.

அது ஐம்பத்தொன்பதாம் வருடத் தேர்தல் நாள். ஓட்டுச்சாவடி தெருக்கோடியைத் தாண்டியிருந்த பள்ளிக்கூடத்தில்.

எதிர்வீட்டுச் செல்வாம்பாள்தான் வந்து கண்ணை மூடினாள், தாடையைக் கட்டினாள். சந்திரகலாவின் அம்மா அஞ்சலாட்சிக்குச் சொல்லப் பாகூருக்குச் சைக்கிளில் ஆள் போனது. அந்த அம்மாள் விடியுமுன்பே கிளம்பிவிட்டாள் என்று ஆள் திரும்பி வந்தது. மகள் படுத்திருக்கிறாள் என்று பார்க்கக் கிளம்பியவள். அன்று பஸ் கிடையாது. பஸ்களையெல்லாம் கட்சிக்காரர்கள் ஓட்டுக்கு ஆள் ஏற்றப் பிடித்துவிட்டார்கள்.

"அம்மா வரட்டும். அப்பறம் எடுக்கலாம்" என்றான் அரிகிருஷ்ணன்.

தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பிணம் கிடக்கும்போது யாரும் எந்தக் காரியத்துக்கும் தெருவைத் தாண்டுவதில்லை. ஓட்டும் காரியம்தானே. நூற்று நாற்பது ஓட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

பத்து மணிக்கு மேர் கலியபெருமாள் வந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நகரசபைத் தலைவர். நாற்காலி போய் ஐந்து வருடமாகியும் தெருவுக்கு அவர் மேர்தான். அப்போது மார்பின் குறுக்கே பிரெஞ்சுக் கொடிப் பட்டை. இப்போது தோளில் கட்சித் துண்டு. உள்ளே இருந்த ஆள் அதே ஆள்.

"வாத்தியாரே, வெயில் ஏறுது. பொம்பள ஒடம்பு, தாங்காது. பன்னண்டுக்குள்ள எடுத்துடு."

"அவங்கம்மா வரணும்."

"வந்து என்னா பண்ணப் போவுது அது? அழுவணும். அத சுடுகாட்டுலருந்து நீ திரும்பி வந்தப்பறம் அழுவட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆமா, ஓட்டு லிஸ்த்துல உன் பொண்டாட்டி பேரு இருக்குதே. சீட்டு எங்க வச்சிருக்கா? குடு. வீணாத்தான போவுது."

"செத்துட்டா அவ."

"செத்தவங்க ஓட்டு போடறது பாண்டிச்சேரிக்குப் புதுசாய்யா?"

"அப்ப நீங்களே தூக்கிட்டுப் போங்க. அவளே வந்து போடட்டும்."

செல்வாம்பாள் பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். "மேரு ஐயா, துண்ட தோள்லருந்து எடுத்துட்டு உள்ள வாங்க. எழவு வூட்டுக்கு அப்படித்தான் வருவாங்க." அவர் உள்ளே வரவில்லை.

அரை மணிக்கெல்லாம் யாரும் சொல்லாமலே வாசலில் மூங்கில் வந்து இறங்கியது. பறைக்காரர்களும் வந்துவிட்டார்கள். அரிகிருஷ்ணன் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தான். அவனைத் தாண்டித்தான் யாரும் போக வேண்டும்.

மதியத்துக்கு மேல் மில் சங்கத்துப் பாவாடை வந்தான். மேருக்கு எதிர்க்கட்சி. இந்தத் தெருவில் அவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் சந்திரகலாதான். ஐம்பத்து நாலில் கீழூரில் நூற்று எழுபத்தெட்டுப் பிரதிநிதிகள் கூடி, பிரான்ஸா இந்தியாவா என்று ஊர் முழுக்கவும் சேர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். இந்தியா என்ற முடிவில் அவளுக்குச் சந்தோஷந்தான். "ஆனா நம்ம வாசல்ல வந்து ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்று அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாவாடை அவள் காலருகே நின்று கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது. பிறகு அரிகிருஷ்ணன் பக்கத்தில் குந்தினான்.

"தோழர், தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தெரு ஓட்டு பூரா நம்முளுது. அவங்க சேத்த ஓட்டு. அஞ்சு மணிக்குப் பொட்டிய மூடிடுவான். இப்ப எடுத்தம்னா..."

"மேரும் இததான் சொன்னாரு."

பாவாடைக்கு முகம் கறுத்தது. "அவரும் நானும் ஒண்ணா? அவங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க, யோசிச்சிப் பாருங்க."

"என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாது தோழர். என்ன சொன்னான்னு தெரியும்."

பாவாடை காத்திருந்தான். அரிகிருஷ்ணன் தெருமுனையைப் பார்த்தான்.

மூன்று மணிக்குச் சில ஆண்கள் பின்சந்து வழியாக நழுவிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். விரல் மையை மடித்த கைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் அசையவில்லை. மேருடைய ஆள் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தான். பறைக்காரர்களில் ஒருவன் தூங்கிவிட்டான்.

நாலே முக்காலுக்கு அஞ்சலாட்சி தெருமுனையில் தெரிந்தாள். பாகூரிலிருந்து நடை, வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து. கணுக்கால் வரை செம்மண். மூங்கிலைப் பார்த்தவள் நடையை நிறுத்தவில்லை, வேகமாக்கவும் இல்லை. வாசலில் அரிகிருஷ்ணன் எழுந்து வழிவிட்டான்.

"காலையிலயே பஸ்ஸுல ஏறப் போனேன் தம்பி. ஓட்டு எந்த ஊருன்னான். பாகூருன்னேன். அப்ப பாண்டிச்சேரிக்கு எதுக்குப் போற, எறங்குன்னுட்டான்" என்றாள், தப்பு தன்மேல்தான் என்பதுபோல.

உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. தாடைக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள், பெட்டியை மூடுவதற்கு. வாசலில் யாரோ காறித் துப்பினார்கள்.

"கடசியா எதனா பேசுனாளா தம்பி?"

நேற்று விளக்கு வைத்த பிறகு கஞ்சியை ஒதுக்கிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்:

"அம்மா வந்தா எழுப்பிவுடுங்க. தூங்கறாளேன்னு உட்டுடாதீங்க."