அடியில் எடுக்காத அளவு

அமீரகத்தில், புஜைரா லேபர் கேம்பில் என்னோடு வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் ரூம்மேட் மீராசாக் காக்கா. காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். பேச்சு என்ன பேச்சு, தினமும் சண்டைதான். ஜஸ்டஸ் என்று பேரை வைத்துக்கொண்டு சர்ச் பக்கமே போகாத என்னை அவர் விடுவதாயில்லை.

"பாக்க ஆளில்லாத எடத்துலயும் தப்பு தப்பாத்தான இருக்கு, தம்பி? அப்போ அத தப்புன்னு வச்சவன் ஒருத்தன் இருக்கணும்லா?"

"தப்புங்கது மனுசன் பயத்துல உண்டாக்குனது, காக்கா. பயம் போனா அதும் போயிரும்."

அவரை மடக்கிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு ருசிக்கும். அப்படி ஒரு திமிர்.

எண்ணெய் டாங்கைச் சுத்தம் செய்ய ஆள் இறங்குமுன் உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மீட்டர் குழாயை இறக்கி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் அளவெடுக்க வேண்டும்; வாயு அடியில்தான் தேங்கும். ஆகஸ்ட் வெயில். டாங்க் மேலே நான் மட்டும். வாய்ப்பக்கம் ஒரே தடவை எடுத்தேன். அதையே மூன்று கட்டத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று இறங்கியவர் காக்கா. ஐந்தே நிமிடத்தில் சுருண்டு விழுந்தார். கயிற்றைப் பிடித்து மேலே இழுத்ததும் நான்தான்.

மீட்டர் கோளாறு என்று சேஃப்டி ஆபீசர் எழுதி முடித்துவிட்டார். "கலாஸ், பாய்," முடிந்துபோச்சு என்று தோளில் தட்டினார். இனிப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்குமே தெரியாத ஒன்றுக்கு யார் முன்னால் இப்படிக் கூசுகிறேன் என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஆஸ்பத்திரியில் காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அல்லாதான் ஒன்ன அங்கன நிப்பாட்டியிருக்கான், தம்பி."

அதை என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன்.

"எனக்கு மூணு புள்ளைய, ஜஸ்டஸு," என்றார் காக்கா. கையை இழுத்துக்கொண்டார்.

ஆபீசரிடமும் எழுதிக் கொடுத்தேன். அளவெடுக்கும் வேலையைப் பிடுங்கிக்கொண்டு என்னை ஸ்டோரில் போட்டார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

டிஸ்சார்ஜ் ஆனதும் காக்கா ரூம் மாற்றிக்கொண்டார். மெஸ்ஸில் என்னைக் கண்டால் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார். எதிர்க் கட்டிலில் இன்னும் ஆள் வரவில்லை. காக்கா, நீங்கதான் ஜெயிச்சீங்க, பயமெல்லாம் போயிட்டு, தப்பு மட்டும் போகல்ல என்று அவரிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் அது வெறும் பேச்சு.