ஜிஷாவின் இடது கால்

முள்ளுவிளை வார்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இந்துக்கள் முந்நூற்று நாற்பத்தாறு, லத்தீன் கத்தோலிக்கர் அறுபத்தைந்து. மிச்சமிருந்த ஒருத்தி பரமசிவனின் மகள் ஜிஷா. அவள் நடந்தால் இடது காலடித் தடத்தில் கடல்நீரும் வலது காலடித் தடத்தில் நல்ல தண்ணீரும் ஊறும். கடல் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்தது. பாறசாலையில் பஸ் ஏறி, வழியில் ஒரு தடவை மாறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

ஜிஷாவின் அம்மா வயலட் கடற்புறத்துக்காரி. அப்பா பரமசிவன் மீன்பிடி வள்ளங்களின் இஞ்சினைப் பழுதுபார்க்கிறவர். வயலட்டின் அண்ணன் ஜோக்கிமின் இஞ்சின் ஒரே ஆனி மாதத்தில் மூன்று முறை கெட்டுப்போனது. மூன்றாம் முறைக்குப் பிறகு பரமசிவனும் வயலட்டும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு வீட்டாரும் ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பேசினார்கள். குழந்தை பிறந்தது. பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவது பரமசிவன் வீட்டு வழக்கம். கைக்குழந்தையாக இருக்கும்போதே தேவாலயத்துக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுப்பது வயலட் வீட்டு வழக்கம். எங்கே தான் முந்திக்கொண்டு அவள் மனதை நோகடித்துவிடுவோமோ என்று பரமசிவன் கயிற்றைப் பற்றிப் பேசவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று வயலட்டும் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசவில்லை. வாங்கிவைத்த கயிறு அலமாரியில் இருந்தது. தைத்துவைத்த வெள்ளைச் சட்டை அதே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. இருவரும் இரண்டையும் பார்த்திருந்தார்கள். இருபத்தெட்டாம் நாளும் போனது, ஒரு வருஷமும் போனது. பெயர் வைப்பதில் மட்டும் தொந்தரவு இருக்கவில்லை. ஜிஷா என்ற பெயரில் இரண்டு பக்கத்திலும் பெண்கள் இருந்தார்கள்.

நடை பழகிய நாளில் சிமெண்டுத் தரையில் ஈரத்தடம் தெரிந்தது. பிள்ளை மூத்திரம் பெய்ததாக நினைத்து வயலட் இரண்டு நாள் துடைத்தாள். மூன்றாம் நாள், காயப்போட்ட துணியில் பாதி மட்டும் விறைத்து நின்றது. தடத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறந்த வீட்டு முற்றத்தில் காற்று அடிக்கும்போது உதட்டில் படியும் அதே ருசி. அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வந்த கையோடு, அது பரமசிவனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சமும் வந்தது. அவர் குனிந்து வலது தடத்தைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம கெணத்துத் தண்ணியாக்கும்" என்றார். இடது தடத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடது தடத்து உப்பில் மரச்சீனிக் கிழங்குச் செடிகள் கருகியதைத்தான் எடுத்துக்கொண்டது. பக்கத்து விளையில் பயிர் வைத்திருந்த சத்தியதாஸ் கருகிய செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "பரமசிவா, ஒனக்க மோளு எப்ப வேணும்னாலும் வரட்டு. எடது காலை மட்டும் எனக்க விளையில வைக்கப்பிடாது."

"பின்ன பிள்ளை எப்பிடி நடக்கும்?"

"நொண்டியடிச்சு வரட்டு. பாண்டி வெளையாடுத பிராயம்தானே. வலது காலு வைக்க வைக்க எனக்க வாழைக்கும் ஒரு நனைப்பு ஆவும்."

அப்படியே ஜிஷா முள்ளுவிளை முழுக்க வலது காலில் நொண்டியடித்துப் பள்ளிக்கூடம் போனாள். கடற்புறத்திலும் கதை அதுதான், காரணம் வேறு. அங்கே தோண்டினால் உப்பு, குழாயில் காற்று, குடிதண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறை. லீவுக்கு ஜிஷா வந்துவிட்டாள் என்றால் ஜோக்கிம் வீட்டு முன்னால் குடங்கள் வரிசையாக வந்து உட்காரும். அவள் மணலில் வலது காலால் குதித்துக் குதித்துப் போக, பெண்கள் பின்னாலேயே சிரட்டையால் தண்ணீரைக் கோரிக்கொண்டு வந்தார்கள். களைத்துப்போய் இடது காலை ஊன்றினால், "அது வேண்டாம் மக்கா, அது இங்க இஷ்டம்போல கெடக்கு" என்று சிரித்தார்கள். யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. வளர வளர அவளுடைய வலது கெண்டைக்கால் திரண்டது, இடது கால் மெலிந்தது. இரண்டு காலையும் ஊன்றி அவள் நடந்த இடம் உலகத்திலேயே வயலட்டின் சிமெண்டுத் தரை ஒன்றுதான்.

"அம்மா, எனக்கு எடது காலு எதுக்கு?" என்று பத்து வயதில் ஒருநாள் கேட்டாள்.

"இங்க நடக்கதுக்கு" என்றாள் வயலட். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள்.

ஜிஷா படித்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு, மத்தியானம் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் இரண்டையும் கழற்றிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். பஞ்சாயத்துக் கணக்கெடுப்பு வேலைக்காரி ஸ்வப்னா வந்து என்ன மதம் என்று கேட்டபோது, "ரெண்டையும் எழுதுங்க சேச்சி" என்றாள். கட்டம் ஒன்றுதான் இருந்தது. ஸ்வப்னா கட்டத்தை வெறுமையாக விட்டு, மொத்தத்தில் மட்டும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். ஜிஷாவுக்கு இருபத்து மூன்று வயதானபோது, ஐப்பசி மழையில் எலிக்காய்ச்சல் வந்து நான்காம் நாள் இறந்துபோனாள்.

வயலட் முதலில் அண்ணனைத்தான் கூப்பிட்டாள். கடற்புறத்துக் கல்லறையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. வருஷங்கள் கழிந்ததும் பழைய எலும்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதே மணலில் அடுத்த ஆளை வைப்பார்கள். தன் அம்மா கிடக்கும் குழியில் ஜிஷாவை வைக்க வேண்டும், நாளைக்குத் தன்னையும் அதிலேயே வைக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. வேறு எதையும் அவள் யாரிடமும் அதுவரை கேட்டதில்லை. ஜோக்கிம் தேவாலயக் கமிட்டிக்காரர்களைப் பார்க்கப் போனான். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். பின்னால் அலைச்சத்தம் கேட்டது.

"வயலட்டு, ஒனக்க பேரு புஸ்தகத்தில உண்டு. வெட்டவிடாம நான் காத்து வச்சிருக்கேன். பிள்ளைக்க பேரு இல்லியே மக்கா. தலையில ஒரு கை தண்ணி ஊத்தியிருந்தா... ரெண்டு நிமிஷத்து காரியம்லா பிள்ளே." அவன் அழுதான். குடம் குடமாகத் தண்ணீர் தந்தவளுக்கு ஒரு கைத் தண்ணீர் ஊற்றாமல் போனதை வயலட் போனைக் காதில் வைத்தபடியே நினைத்தாள்.

முள்ளுவிளையில் இறந்தவர்களை அவரவர் விளையில் தெற்குப் பக்கம் புதைத்து, மேலே ஒரு தென்னம்பிள்ளை நடுவார்கள். பரமசிவனின் அண்ணன் ஜெயனுக்கு அதில்தான் பயம். "ஒரு காலு பட்டே மரச்சீனி கருகிச்சு. ஆளை முழுசா வச்சா எனக்க பாகத்துக்கும் உப்பு எறங்காதா? வேற எங்கயாவது பாப்போமே தம்பி" என்றார். இருபத்து மூன்று வருஷமாக யாரிடமும் குரல் உயர்த்தாத பரமசிவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். இரண்டு வெட்டு வெட்டிவிட்டு நின்றார். வயலட் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவிய எண்ணு இருந்தேன்" என்றாள்.

"நான் நீ கேப்பே எண்ணாக்கும் இருந்தேன்" என்றார் அவர்.

அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. கடைசிப் பேச்சும் அதுதான். ஒருவரையொருவர் நோகடிக்காமல் இருக்க அத்தனை வருஷம் பாடுபட்டதில் நடுவே நின்ற பிள்ளையை இரண்டு பேரும் கைவிட்டுவிட்டதை அவர்கள் மண்ணைப் பார்த்தபடியே புரிந்துகொண்டார்கள். பிறகு அவர் வெட்டினார், அவள் மண்ணை அள்ளிப் போட்டாள். மத்தியானத்துக்குள் ஜிஷாவை வைத்தார்கள். கயிற்றையும் வெள்ளைச் சட்டையையும் வயலட் அலமாரியிலிருந்து எடுத்துவந்து கூட வைத்தாள். தென்னம்பிள்ளை நடும்போது குழியில் ஒரு பிடி கல்லுப்பு போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தான் பேசியதை நினைத்து வெட்கப்பட்டோ என்னவோ, ஜெயனே உப்புப் பொட்டலத்தோடு வந்து நின்றார். வயலட் அவர் கையைத் தடுத்தாள்.

"உப்பு வேண்டாம் அத்தான். அவளுக்க கிட்ட உண்டு."

பதினாறாம் நாள் காலையில் சிமெண்டுத் தரையில் ஈரத்தடம் இருந்தது. தெற்கு வாசல் வழியாக வந்து, அடுக்களை வரைக்கும் போய், ஜன்னல் பக்கம் கொஞ்சம் நின்று, திரும்பிப் போயிருந்தது. எல்லாம் இடது கால். வலது கால் வரவில்லை. சத்தியதாஸ் வாழை நனைகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். கடற்புறத்தில் குடங்கள் பழையபடி லாரிக்குக் காத்திருந்தன. வலது கால் உழைத்துக் களைத்துவிட்டது, இனி வராது என்பது வயலட்டுக்குத் தெரிந்திருந்தது. அவள் குனிந்து தொட்டு நாக்கில் வைத்தாள். இந்த முறை கூச்சம் இருக்கவில்லை. பரமசிவனும் வந்து குனிந்து, இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இடது தடத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயலட் பஸ் ஏறிக் கடற்புறத்துக்குப் போய், தன் பெயரைப் புத்தகத்திலிருந்து வெட்டும்படி எழுதிக் கொடுத்தாள். ஜோக்கிம் பஸ் நிற்குமிடம் வரை கூடவே வந்தான்.

"அம்மை அந்தக் குழியில ஒத்தைக்கு கெடப்பாளே பிள்ளே."

"அம்மைக்கு கடல் உண்டு அண்ணா" என்றாள். பஸ் கிளம்பி, மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அவள் டிக்கெட் எடுத்தாள். அதற்குள் கண்டக்டர் இரண்டு முறை வந்து கேட்காமலே திரும்பிப் போயிருந்தான்.

தென்னை வேகமாக வளர்ந்தது. முள்ளுவிளையில் மற்ற தென்னைகள் நேராக நிற்க, அது மட்டும் கடற்கரைத் தென்னையைப் போலத் தெற்கே சாய்ந்து நின்றது. ஜெயனின் பாகத்துக்கு உப்பு இறங்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு வயலட் கல் வைத்திருந்தாள்.

அடுத்த கணக்கெடுப்புக்கும் ஸ்வப்னாதான் வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தாள்.

"சேச்சி, வீட்டில எத்தனை பேரு?"

"மூணு."

ஸ்வப்னா தலை நிமிர்ந்தாள். தெற்கு வாசலிலிருந்து அடுக்களைக்குப் போன தடங்களைப் பார்த்தாள். சிலது காய்ந்து வெள்ளையாக இருந்தன, சிலது இன்னும் ஈரம். அவள் மூன்று என்று எழுதிக்கொண்டாள். இப்போதும் முள்ளுவிளையில் ஆட்கள் பிறந்தும் இறந்தும் வார்டின் மொத்தம் கூடிக் குறைந்தாலும், அது பிரிவுகளைக் கூட்டி வருவதைவிட ஒன்று அதிகமாகவே இருக்கிறது. பஞ்சாயத்தில் யாரும் அதைத் திருத்துவதில்லை. ஸ்வப்னா எழுந்து, சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, தடங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து வெளியே போனாள். வயலட் வாளியும் துணியும் எடுத்துவந்து, தடங்களைச் சுற்றித் தரையைத் துடைத்தாள்.